டைவ் வாட்ச்சுக்கு ஒரு செராமிக் இன்செர்ட்: வாங்கியதும் வீட்டிலேயே பொருத்தியதும்

என்னிடம் உள்ள சீகோ எஸ்.கே.எக்ஸ். 007 டைவ் வாட்ச்சில், கண்ணாடியைச் சுற்றித் திருப்பக்கூடிய வளையமான பெசலில் பதிந்திருக்கும் நிமிட வளையத்தை, அதாவது வாட்ச்காரர்கள் இன்செர்ட் என்று சொல்லும் மெல்லிய வட்டத் தகட்டை, கடந்த ஜனவரியில் பெங்களூர் அல்சூரில் உள்ள என் வீட்டிலேயே மாற்றினேன். புதிதாகப் போட்டது செராமிக் இன்செர்ட். இணையத்தில் வாட்ச் உதிரிபாகங்கள் விற்கும் ஒருவரிடம் 1,650 ரூபாய்க்கு வாங்கியது. கூடவே ஒட்டுவதற்கு ஒரு டேப் வளையமும் வந்தது. ஐந்து மாதங்கள் நாள்தோறும் கையில் கட்டிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். இன்செர்ட் கொடுத்த பணத்துக்குத் தகுந்த பொருள்தான். டேப்பைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. பொருத்தும் வேலையை யாரிடமும் கொடுக்காமல் நானே செய்ததற்காக மிகவும் மகிழ்கிறேன்.

நானே செய்யத் துணிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இந்த வாட்ச்சில் தொழிற்சாலையிலிருந்து வந்த அலுமினிய இன்செர்ட் பல வருட வெயிலில் வெளுத்து, கிரானைட் சுவரிலும் இரும்புக் கேட்டிலும் உரசி, கறுப்பு நீங்கி ஆங்காங்கே வெள்ளி நிறம் தெரியத் தொடங்கியிருந்தது. அலுமினியத் தகட்டின் மேல் இருப்பது சாயம் ஏற்றிய மெல்லிய படலம் மட்டுமே என்பதால் இது எல்லா அலுமினிய இன்செர்ட்டுக்கும் வரக்கூடியதுதான். இரண்டு வருடங்களுக்கு முன் நகரத்தில் ஒரு கடையில் கொடுத்து இன்னொரு அலுமினிய இன்செர்ட்டைப் போட்டு வாங்கினேன். கூலி 400 ரூபாய். பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தபோது, இன்செர்ட்டின் பன்னிரண்டு மணிப் புள்ளி டயலின் முக்கோணத்துக்கு நேராக இல்லாமல் அரை மில்லிமீட்டர் வலப்பக்கம் தள்ளி நின்றது. அதைவிட மோசம், கண்ணாடியின் ஓரத்தில் படர்ந்திருந்த வெள்ளைப் புகைபோன்ற படலம். சூப்பர் க்ளூ எனப்படும் சயனோஅக்ரிலேட் பசை காயும்போது வெளியிடும் ஆவி பக்கத்திலுள்ள பரப்புகளில் வெள்ளையாகப் படியும் என்பது வாட்ச் வேலை செய்பவர்களுக்குத் தெரியாத விஷயம் அல்ல. திரும்பிப் போய்க் கேட்டதற்கு, எல்லாரும் இந்தப் பசையைத்தான் போடுகிறார்கள் என்ற பதில்தான் கிடைத்தது.

அரை மில்லிமீட்டருக்கு இவ்வளவு வருத்தமா என்று கேட்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். இந்த இன்செர்ட்டின் வெளிவிட்டம் 38 மி.மீ.; அதன் சுற்றளவை அறுபதால் வகுத்தால் வெளி விளிம்பில் ஒரு நிமிடத்தின் அகலம் ஏறத்தாழ 2 மி.மீ. வருகிறது. அப்படியானால் அரை மில்லிமீட்டர் என்பது கால் நிமிடம். இட்லித் தட்டை வைத்துவிட்டுப் பெசலைத் திருப்பும் எனக்குக் கால் நிமிடத்தால் எதுவும் கெட்டுவிடாது. ஆனாலும் இந்த வளையம் அலங்காரத்துக்காக வைக்கப்பட்டதன்று. நீரில் இறங்குபவர் இறங்கும் கணத்தில் புள்ளியை நிமிட முள்ளுக்கு நேராக வைத்துவிட்டு, கழிந்த நேரத்தை வளையத்தின் எண்களிலிருந்து படிப்பதற்கென்றே இது உருவானது. 1953இல் வந்த பிளாங்பெயின் ஃபிஃப்டி ஃபேதம்ஸ் முதலாக டைவ் வாட்ச்கள் இந்த ஏற்பாட்டோடுதான் வளர்ந்திருக்கின்றன. பெசல் இடப்பக்கமாக மட்டும் சுற்றுவதும் அதே காரணத்தால்தான். எங்காவது இடித்து அது நகர்ந்துவிட்டாலும், கழிந்த நேரம் அதிகமாகத்தான் காட்டுமே தவிரக் குறைத்துக் காட்டாது. முழுகியவர் சீக்கிரம் மேலே வந்துவிடுவார். இவ்வளவு யோசித்துச் செய்த ஒரு கருவியில் புள்ளி கோணலாக நிற்பதை ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

தயங்குபவர்கள் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது, இன்செர்ட் மாற்றுவதற்கு வாட்ச்சைத் திறக்க வேண்டியதில்லை என்பது. பின்மூடி, கிரவுன் எனப்படும் சாவித் திருகு, கண்ணாடி ஆகிய மூன்று இடங்களில் உள்ள ரப்பர் வளையங்கள்தான் தண்ணீரைத் தடுக்கின்றன. பெசல் இவற்றுக்கெல்லாம் வெளியே, கேஸ் எனப்படும் உலோக உடலின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு வளையம். அதைக் கழற்றி மாட்டினாலும் 200 மீட்டர் நீர்த்தடுப்புக்கு ஒன்றும் ஆவதில்லை. உள்ளே ஓடும் 7எஸ்26 எந்திரத்தின் பக்கமே நாம் போவதில்லை. ஒரு வாட்ச்சின் சொந்தக்காரர் துணிந்து கைவைக்கக்கூடிய வேலைகளில் பட்டை மாற்றுவதற்கு அடுத்தபடியாக நான் இதைத்தான் சொல்வேன்.

அளவைப் பற்றி அதிகம் குழப்பிக்கொள்ள வேண்டாம். எஸ்.கே.எக்ஸ். 007க்கு வெளிவிட்டம் 38 மி.மீ., உள்விட்டம் 31.5 மி.மீ.; 2019இல் வந்த சீகோ 5 ஸ்போர்ட்ஸ் வரிசையின் 42.5 மி.மீ. வாட்ச்களுக்கும் இதே அளவைத்தான் விற்கிறார்கள். எனக்கு வந்த இன்செர்ட்டை வெர்னியர் காலிப்பரில் அளந்தபோது 37.9 மி.மீ. இருந்தது. சரியான அளவுதான், இறுக்கமாக இருந்தால்தான் பயப்பட வேண்டும். அலுமினியம் இறுக்கமாக இருந்தால் சற்று வளைந்து கொடுக்கும். செராமிக் வளையாது, உடைந்துவிடும்.

செராமிக் என்று இங்கே சொல்வது சிர்கோனியா, அதாவது சிர்கோனியம் ஆக்சைடு. கடினத்தன்மையை அளக்கும் விக்கர்ஸ் அளவில் ஏறத்தாழ 1,200 வரும் இந்தப் பொருளில் சாவியோ சுவரோ கீறல் போட முடியாது. நிறம் பொருளோடு கலந்தே இருப்பதால் வெயிலில் வெளுக்கவும் செய்யாது. ரோலெக்ஸ் 2005இல் தன் ஜி.எம்.டி. மாஸ்டர் 2 வாட்ச்சில் செராமிக் பெசலைக் கொண்டுவந்த பிறகு இது விலை உயர்ந்த வாட்ச்களின் அடையாளமாகவே ஆகிவிட்டது. நான் வாங்கியதில் எண்களை உள்ளே குடைந்து வெள்ளைப் பூச்சு நிரப்பியிருக்கிறார்கள். லூப் எனப்படும் உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் 20இன் சுழியத்துக்குள் மட்டும் பூச்சு ஒரு மயிரிழை தாழ்ந்திருக்கிறது. மற்ற எண்களின் விளிம்புகள் கத்தரித்த மாதிரித் துல்லியமாக இருக்கின்றன. கறுப்பு நல்ல ஆழமான கறுப்பு. ஆனால் பளபளப்பு அதிகம். தொழிற்சாலை அலுமினியத்தின் அடங்கிய சாம்பல் கலந்த கறுப்பை விரும்புகிறவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம், அவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். பழைய வாட்ச்சுக்கு அந்த அடக்கம் ஒரு தனி அழகைத் தருகிறது.

இனி வேலைக்கு வருகிறேன். தேவையான சில்லறைப் பொருள்களுக்காக மெட்ரோவில் மெஜஸ்டிக் போய் மாறி, சிக்பேட்டில் இறங்கி, எஸ்.பி. ரோடுக்கு நடந்தேன். மொபைல் பழுதுபார்ப்பவர்களுக்கு வேண்டியதெல்லாம் விற்கும் அந்தத் தெருவில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், மெல்லிய இரட்டைப் பக்க டேப், பி-7000 பசை, பிளாஸ்டிக் நெம்புகோல்கள் எல்லாம் ஒரே கடையில் கிடைத்துவிட்டன. பின்மூடி திறக்கும் சிறு கத்தி ஒன்றை மட்டும் அவென்யூ ரோடு பக்கம் வாங்கினேன். அதற்கு 180 ரூபாய். கத்தியின் முனை மழுங்கலாகவும் வாய் மெல்லியதாகவும் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து வாங்குவது நல்லது. கூர்மையான கத்தி வழுக்கினால் கேஸில் கோடு விழும்.

பழைய இன்செர்ட்டைப் பெசல் வாட்ச்சிலேயே இருக்கும்போது நெம்பி எடுப்பவர்களும் உண்டு. பெசலை முழுவதுமாகக் கழற்றி எடுப்பவர்களும் உண்டு. என் வாட்ச்சில் இருந்தது சூப்பர் க்ளூ என்பதால் இரண்டாவது வழியைத் தவிர வேறு வழி இல்லை. கேஸின் மேற்புறத்திலும் பட்டை மாட்டும் கொம்புகளிலும் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டி, கிரவுனுக்கு எதிர்ப்புறமாகப் பெசலுக்கும் கேஸுக்கும் நடுவே கத்தியை நுழைத்துத் திருகினேன். பெசல் ஒரு சத்தத்தோடு எழும்பி வரும். அந்த நேரத்தில் மறு கை பெசலின் மேல் மூடியிருக்க வேண்டும். ஏனென்றால் திருப்பும்போது நாம் கேட்கும் சொடுக்குச் சத்தத்தைத் தரும் சிறு குண்டும் அதன் ஸ்பிரிங்கும் கேஸின் ஒரு குழியில் சும்மா உட்கார்ந்திருக்கின்றன, துள்ளி விழுந்தால் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். ஒரு பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தில் வெள்ளைத் துணி விரித்து அதன் மேல்தான் நான் எல்லாவற்றையும் செய்தேன்.

கழற்றிய பெசலில் அசிட்டோனைத் துளித்துளியாக விட்டு இருபது நிமிடம் காத்திருந்த பிறகு, உள் விளிம்பின் அடியில் கத்தியைக் கொடுத்துச் சுற்றிச் சுற்றி நெம்பினேன். அலுமினியத் தகடு வளைந்து நெளிந்து வெளியே வந்தது. அசிட்டோன் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் கெடுக்கும் என்பதால், அதற்கு முன்பே பெசலின் உள்பக்க ரப்பர் வளையத்தை எடுத்துத் தனியே வைத்துவிட்டேன். வாட்ச்சை வேறொரு அறையில் வைத்திருந்தேன். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் வாட்ச்களுக்கு இந்தப் பாடெல்லாம் தேவைப்படாது. ஹேர் டிரையரை ஒரு நிமிடம் காட்டினாலே பசை இளகிவிடும்.

பெசலின் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டிருந்த பழைய பிசினை எடுக்க நீலகிரித் தைலத்தைப் பயன்படுத்தினேன். ஸ்டிக்கர் கோந்தைக் கரைப்பதற்கு அதைவிட எளிதாகக் கிடைக்கும் பொருள் நம் வீடுகளில் இல்லை. ஆனால் தைலம் எண்ணெய்ப் பசையை விட்டுச் செல்லும்; அதன் மேல் எந்த டேப்பும் பிடிக்காது. ஆகவே கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால், பஞ்சு வெள்ளையாகவே திரும்பி வரும்வரை நான்கைந்து முறை துடைத்தேன். ரப்பர் வளையத்தில் சிறிதளவு சிலிக்கோன் கிரீஸ் தடவித் திரும்ப மாட்டினால் பெசல் புதிதுபோல் சுற்றுகிறது. இந்த ஒரு காரியத்துக்காகவே கூடப் பெசலைக் கழற்றியது வீண்போகவில்லை. பல வருட வியர்வையும் சோப்பும் சேர்ந்து உள்ளே கறுப்பு மண்ணாகப் படிந்திருந்ததைப் பார்த்தபோது அப்படித்தான் தோன்றியது.

இங்கேதான் விற்பவர் அனுப்பிய டேப் வளையம் என்னை ஏமாற்றியது. அது பஞ்சுபோல் நுரை உள்ள டேப். ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன். அதை வைத்து இன்செர்ட்டைச் சும்மா உட்கார வைத்துப் பார்த்தபோது, அதன் விளிம்பு பெசலின் விளிம்பைவிட உயர்ந்து நின்றது. விரலால் வருடினாலே படி தட்டுகிறது. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் செராமிக் விளிம்பு எதிலாவது இடித்தால் சில்லு பெயர்ந்து போகும். வளையத்தைப் பள்ளத்துக்குள் வைப்பதன் நோக்கமே அந்த விளிம்பைக் காப்பதுதான். இன்செர்ட்டை இவ்வளவு நேர்த்தியாகச் செய்துவிட்டு, மிகக் குறைந்த செலவில் சரிசெய்திருக்கக்கூடிய ஒரு டேப்பில் அவர்கள் கவனக்குறைவாக இருந்தது எனக்கு உண்மையாகவே வருத்தம் தந்தது. எழுதித் தெரிவித்தேன், அடுத்த முறை மாற்றி அனுப்புகிறோம் என்று பதில் வந்தது.

எஸ்.பி. ரோடில் வாங்கிய டேப்பில் நுரை கிடையாது. மொபைல் திரைகளை ஒட்டப் பயன்படும், காகிதம் அளவே தடிமன் உள்ள டேப் அது. இன்செர்ட்டின் அகலம் ஒரு பக்கத்துக்கு 3.25 மி.மீ. இருக்கிறது. இருபுறமும் கால் மில்லிமீட்டர் விட்டு, 37.5க்கும் 32க்கும் இடைப்பட்ட ஒரு வளையத்தைக் காம்பஸில் பிளேடு கட்டி வெட்டினேன். இரண்டு வளையங்கள் பாழாயின, மூன்றாவது சரியாக வந்தது. பி-7000 பசையையும் யோசித்தேன். டேப் தொட்ட கணமே பிடித்துவிடும், பசையோ நகர்த்திச் சரிசெய்யச் சில நிமிடங்கள் தரும் என்பதால், கை நடுங்கும் என்று அஞ்சுபவர்களுக்குப் பசைதான் நல்லது. ஆனால் அது நூல்நூலாக இழுபடும். கொஞ்சம் கூடிப்போனாலும் கண்ணாடி ஓரத்தில் பிதுங்கி நிற்கும்.

நேராக ஒட்டுவதுதான் இந்த வேலையின் உயிர். இந்தப் பெசல் ஒரு சுற்றுக்கு 120 சொடுக்குகள் கொண்டது. ஒரு சொடுக்குக்கு 3 பாகை, வெளி விளிம்பில் 1 மி.மீ. ஒவ்வொரு சொடுக்கிலும் பெசல் முன்னும் பின்னும் சிறிது ஆடும். ஆகவே முதலில் பெசலைத் திரும்ப மாட்டி, ஒரு சொடுக்கில் நிறுத்தி, அந்த ஆட்டத்தின் நடுவில் அதை நிலைநிறுத்தி, பெசலும் கேஸும் சேர நான்கு இடங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டி அசையாமல் கட்டிவிட்டேன். பிறகு மணியை ஆறாக வைத்தேன். அப்போது நிமிட முள் மேலேயும் மணி முள் கீழேயும் நீண்டு டயலின் குறுக்கே ஒரே நேர்கோடாகத் தெரியும். டயலைச் சுற்றியுள்ள நிமிட வளையமே சற்றுத் திரும்பியிருப்பது சீகோ வாட்ச்களில் பலர் கண்ட குறை என்பதால் அதை நம்பாமல், டயலில் அச்சாகியிருக்கும் முக்கோணத்தையே எல்லைக் கல்லாக எடுத்துக்கொண்டேன்.

பார்க்கும் கோணம் சாய்ந்தால் கணக்கு தவறிவிடும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மேலிருந்து பார்க்கும்போது, கண்ணாடியில் பிரதிபலிக்கும் நம் கருவிழி முட்கள் சேரும் மையத்தின் மேல் வந்து நின்றால் நாம் செங்குத்தாகப் பார்க்கிறோம் என்று பொருள். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் மாடி வீட்டில் இருக்கும் பெரியவர். 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கூட்டுறவோடு பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யில், ஜாலஹள்ளியில் பல காலம் வேலை பார்த்தவர். சன்னலோரத்தில் நான் குனிந்து நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

டேப்பின் ஒரு பக்கக் காகிதத்தை உரித்து இன்செர்ட்டின் அடியில் ஒட்டிவிட்டு, மறு பக்கக் காகிதத்தையும் உரித்தேன். ஆறு மணிப் பக்கத்தைச் சற்றுத் தூக்கிப் பிடித்தபடி, பன்னிரண்டு மணிப் பக்கத்தை மட்டும் பள்ளத்தின் ஓரத்தில் அணைத்து நிறுத்தினேன். புள்ளி, முக்கோணம், நிமிட முள், மணி முள், கீழே 30 என்ற எண், எல்லாம் ஒரே கோட்டில் வந்தன. “தம்பி, மூச்ச விட்டுட்டு அமுத்துங்க” என்றார் பெரியவர். மூச்சை விட்டேன், விரல் நின்றது, கீழ்ப்பக்கத்தை இறக்கினேன். பிறகு மென்துணியை மேலே போட்டு, ஒரே இடத்தில் அழுத்தாமல், எதிரெதிர்ப் பக்கங்களை இரண்டு கட்டை விரல்களால் மாற்றி மாற்றி அழுத்திச் சுற்றிவந்தேன். ஒரு பக்கம் மட்டும் பலமாக அழுத்தினால் செராமிக் விரிசல் விட்டுவிடும். இந்த வகை அக்ரிலிக் பசை முழு வலிமை பெற 72 மணி நேரம் வரை ஆகும் என்பதால் மூன்று நாள்கள் வாட்ச்சைத் தண்ணீர் படாமல் அலமாரியில் வைத்திருந்தேன்.

பெரியவர் லூப்பைக் கண்ணில் பொருத்தி நெடுநேரம் பார்த்துவிட்டு, “சரியா இருக்கு” என்று மட்டும் சொன்னார். மொத்த வேலைக்கும் இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அதில் ஒட்டுவதற்கு ஆனது ஒரு நிமிடம்கூட இருக்காது. சுத்தம் செய்வதற்கும் நேர் பார்ப்பதற்குமே நேரம் போனது. கடையில் பத்து நிமிடத்தில் கிடைக்காதது இந்த நேரம்தான். அங்கே கை தேர்ந்தவர்கள் இல்லை என்று சொல்ல மாட்டேன். 400 ரூபாய்க் கூலிக்கு இரண்டரை மணி நேரம் செலவிட அவர்களால் முடியாது.

ஐந்து மாதங்களில் குளியல், மழை, ஸ்கூட்டர் கைப்பிடி, ஒரு முறை அடுப்படி மேடையின் கிரானைட் விளிம்பில் பலமான இடி, எல்லாவற்றையும் இந்த இன்செர்ட் கண்டுவிட்டது. ஒரு கீறலும் இல்லை, ஓரத்தில் சில்லும் இல்லை. டேப் அசையவில்லை; புள்ளி இன்னும் முக்கோணத்துக்கு நேராகவே நிற்கிறது. வாட்ச்சை அடிக்கடி கீழே போடுகிறவர்கள் மட்டும் அலுமினியத்தையே எடுத்துக்கொள்ளலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அது அடிபட்டால் நெளியும், உடையாது.

குறை என்று ஒன்று இருக்கிறது; அது இரவில் தெரிகிறது. டைவ் வாட்ச்களுக்கான ஐ.எஸ்.ஓ. 6425 தரத்தின்படி நேரம் குறிக்கும் ஏற்பாடு இருட்டில் 25 செ.மீ. தொலைவிலிருந்து தெரிய வேண்டும். சீகோவின் டயலும் முட்களும் விடியற்காலை நான்கு மணிக்கும் மங்கிய பச்சையில் படிக்கும்படி இருக்கின்றன. இன்செர்ட்டின் புள்ளியோ நீல நிறத்தில் ஒளிர்ந்து, விளக்கை அணைத்து இரண்டு மணி நேரத்துக்குள் இருட்டில் கரைந்துவிடுகிறது. நீல நிறத்தில் ஒளிரும் பூச்சு என்பதால் மட்டும் இப்படி ஆகவில்லை. நீலத்தில் நன்றாக நின்று ஒளிர்பவையும் உண்டு. குழியில் பூச்சை மெல்லியதாக நிரப்பியிருப்பதுதான் காரணம். பக்கவாட்டில் லூப் வைத்துப் பார்த்தால் அது கண்ணுக்கே தெரிகிறது. டயலோடு ஒத்துப்போகும் பச்சையில், குழி நிறையப் பூச்சு வைத்து, நுரை இல்லாத டேப்போடு இதே இன்செர்ட்டை அவர்கள் விற்றால், இன்னும் 300 ரூபாய் கூடக் கொடுத்து என் தம்பியின் வாட்ச்சுக்கும் ஒன்று வாங்குவேன்.